அளவுச் சட்டை

இராஜபாளையம்
கார்த்திகை மாதக் கடைசி ஞாயிறு

அன்பு மகன் வேல்பாண்டிக்கு அப்பா முத்துவீரன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுத வேண்டிய இடம் இது, எழுதியதாக வைத்துக்கொள். நீ அந்த மலைக்குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா காலையில் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறாள், அவள் சொன்னால் நானும் சொன்னது மாதிரிதான். போனில் பேச வேண்டியதை ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மிஷின் சத்தத்தில் எனக்குப் பாதிக் காது போய்விட்டது, மீதிக் காதில் உன் பேச்சு அருணாச்சல் பக்கத்திலிருந்து வந்து சேருவதற்குள் துண்டு துண்டாகிவிடுகிறது. அது ஒரு காரணம். இன்னொன்று, போன தடவை நீ பாதியில் வைத்துவிட்டாய். அந்தத் தனுஷ்கோடிப் பயல் நம்ம வீட்டு வாசப்படிய மிதிச்சானாமே, அவன் மிதிச்ச படிய நான் மிதிக்க மாட்டேன், தைக்கு லீவு கிடைச்சாலும் வரல என்று என் பாதிக் காதுக்கும் கேட்கிற சத்தத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அம்மா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு செத்த நேரம் நின்றாள், பிறகு லைன் போய்விட்டது என்று என்னிடம் சொன்னாள். லைன் போகவில்லை என்று அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கடிதத்தையும் நடுவில் மடித்து வைக்கலாம்தான், ஆனால் மறுபடி எடுத்தால் விட்ட இடத்திலேயே கிடக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சமாச்சாரம். இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. பிளவக்கல் அணை நிறைந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள், மகாராஜபுரத்தில் உன் சித்தப்பா நடவை முடித்துவிட்டான், நமக்குச் சொல்லி அனுப்பவில்லை, பஸ்ஸில் பார்த்த ஆள் சொல்லித்தான் தெரியும். அது ஏன் என்று கீழே எழுதுகிறேன். எனக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துத் தேய்த்துப் பாட்டில்தான் தீருகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார், பேண்டேஜ் கம்பெனிக்கு நடந்து போய் நடந்து வாரேனே அது நடையில சேராதா என்று அவரிடமே கேட்டுவிட்டு வந்தாள். வேலையை விடச் சொன்னால் விட மாட்டேன் என்கிறாள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு அங்கே போய்த் துணி மடிக்கலாம் என்கிறாள், அதற்கு நான் என்ன சொல்ல முடியும். உன் தம்பி ஓட்டின லோடு ஆட்டோவை வாங்கின ஆள் பின்பக்கம் எழுதியிருந்த பெயரை இன்னும் அழிக்கவில்லை, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் குமரன் என்று எழுதிக்கொண்டு அது பாட்டுக்குப் போகிறது. ஒரு நாள் அம்மா அதைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டாள், லோடு ஏற்றத்தான் கூப்பிடுகிறாள் என்று அவரும் நிறுத்திவிட்டார். சும்மாதான் தம்பி போங்க என்றாளாம் இவள். யாரோ அவருக்கு விவரம் சொல்லியிருக்க வேண்டும், இப்போதெல்லாம் அவளைக் கண்டால் அவரே ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்.

குமரன் போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. பேண்டேஜ் துணிக் கட்டுகளைத் தூக்கித் தோள்பட்டை பிடித்துக்கொண்டதற்கு வலி மாத்திரை போட ஆரம்பித்தான், தோள் சரியான பிறகும் மாத்திரை நிற்கவில்லை, பிறகு அதுவே ஊசியாகிவிட்டது, கடைசி ஊசியன்றைக்குக் கூட இருந்த சேக்காளி தனுஷ்கோடி அவனை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டான், எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நாங்கள் செய்த கூத்தும் தெரியும். பையன் ஒரு மாதிரி இருக்கிறான், கால்கட்டுப் போட்டால் தெளிந்துவிடுவான் என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு அவன் நின்றான், பெண் பார்க்கப் போகிறோம் என்பதால் மாப்பிள்ளை மாதிரி முழுக்கை போடுகிறான் என்று உன் அம்மா சந்தோஷப்பட்டாள். இதையெல்லாம் இப்போது நினைத்தால் அழுகையும் வருவதில்லை, ஒரு அலுப்புத்தான் வருகிறது. மில்லில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தால் உடம்பு எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது, தூங்கி எழுந்தாலும் போகவில்லை.

ஐப்பசியில் வருஷ திவசம் வந்தது. நம் வகையறாவில் கல்யாணம் ஆகாமல் போன பையனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நீ கேள்விப்பட்டிருப்பாய், ஆனால் நம் வீட்டில் இதுவரை அந்த அவசியம் வரவில்லை. வருஷம் திரும்பும்போது அவன் அளவில் புதுச் சட்டை தைத்து வேட்டியோடு படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட வேண்டும். கும்பிட்ட துணியை அவன் வயசை ஒத்த ஒரு பையன் தலைக்குக் குளித்து உடுத்திக்கொண்டு முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உடுத்த ஆள் இல்லாமல் துணி மடிப்புக் கலையாமல் கிடந்தால் போன பிள்ளை அங்கே உடுப்பில்லாமல் நிற்பான் என்று சொல்வார்கள். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. உன் அம்மாவுக்கு உண்டு. அவளுக்கு இருந்தால் வீட்டுக்கே இருப்பது மாதிரிதான்.

சட்டைக்கு அளவு வேண்டும். அவன் துணிமணியெல்லாம் கருமாதி அன்றைக்கு ஆற்றோடு போய்விட்டது, உன் கையால்தானே விட்டாய். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு லோடு கொண்டுபோகிற நாட்களில் தேரடிப் பக்கம் டெய்லர் சுப்புராஜிடம்தான் தைக்கக் கொடுப்பான் என்று அம்மாவுக்கு ஞாபகம் வந்தது, அவரிடம் அளவு கிடைக்கும் என்று இரண்டு பேரும் போனோம். அவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய் ஒரு சட்டையை எடுத்து வந்தார். மயில்கழுத்துக் கலர், அவன் போனதற்கு முந்தின தீபாவளிக்கு எடுத்தது, அவன் நன்றாக இருந்தபோது தைத்தது. தம்பி இத ரெண்டு பக்கமும் புடிச்சுத் தைக்கச் சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு, பொறவு வந்து வாங்கிக்கிடுதேன்னாரு, நானும் இன்னைக்கு நாளைக்குன்னு போட்டுட்டேன் என்றார். உடம்பு இளைத்துச் சட்டை தொளதொளவென்று ஆனதால் பிடிக்கக் கொடுத்திருக்கிறான், எங்களுக்குத் தெரியாது. அவர் பிடித்துத் தைக்காமல் விட்டதும் நல்லதாகப் போயிற்று. அம்மா அதை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தாள், கடை வாசனைதான் அடித்தது. பிறகு அந்தச் சட்டையையே அளவுச் சட்டையாகக் கொடுத்து, இதுல நூலளவு கொறையாமத் தச்சுக் குடுங்க என்றாள். இளைத்துப் போன குமரனுக்கு இல்லை, நன்றாக இருந்த குமரனுக்குச் சட்டை வேண்டும் என்பது அவள் கணக்கு. துணி வெள்ளையில் நீலக்கோடு போட்டது, அவளே எடுத்தாள்.

அதை நீதான் உடுத்துவதாக இருந்தது. மலையில் பாதை அடைத்து லீவு ரத்தாகிவிட்டது, அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன், பட்டாளத்து வேலை அப்படித்தான். சித்தப்பா மகனுக்குக் கிட்டத்தட்டக் குமரன் வயசுதான், அவனை அனுப்பச் சொல்லி நானே மகாராஜபுரத்துக்குப் போனேன். உன் சித்தப்பா மாட்டைப் பார்க்கக் கொல்லைப் பக்கம் போய்விட்டான். சித்திதான் காபி டம்ளரை வைத்துக்கொண்டே சொன்னாள், அத்தான் தப்பா நெனக்காதீய, காய்ச்சல்ல போனவன் துணின்னா நான் தடுக்க மாட்டேன், அவன் போன வழி வேற, எம்புள்ளைய அந்த வழியில தள்ள எனக்கு மனசு வரல என்றாள். காபியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன், குடிக்காமல் வந்தால் சண்டை என்று ஆகிவிடும். அதன் பிறகு இன்னும் இரண்டு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தர் பையனுக்குப் பரீட்சை என்றார். இன்னொருத்தர் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். தங்கமான பையன் என்று உன் தம்பியின் தோளில் கை போட்டுப் பேசின ஆட்கள்தான் எல்லாரும்.

திவசத்தன்று காலையில் படத்துக்கு முன்னால் நாற்காலியில் சட்டையும் வேட்டியும் வைத்திருந்தது. இலை போட்டாயிற்று, சாதம் ஆறிக்கொண்டிருந்தது. நானே உடுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். பெத்தவன் உடுத்தக் கூடாது என்றாள் அம்மா. அப்போதுதான் வெளியே கேட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வெள்ளத்தாய் நின்றாள், தனுஷ்கோடியின் அம்மா. பேண்டேஜ் கம்பெனியில் உன் அம்மாவுக்கு எதிர் மேஜையில் இருந்து துணி மடிக்கிறவள்தான். ஒரே மேஜையில் ஒரு வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசவில்லை, கத்திரிக்கோல் வேண்டுமென்றால்கூடத் தள்ளி வைப்பார்களே தவிர வாய் திறப்பதில்லை. நான் உள்ள வரல மதினி, ஒரு சூடம் மட்டும் ஏத்திட்டுப் போயிருதேன், கேட்டுப் பக்கத்துலயே ஏத்திக்கிடுதேன் என்றாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். டிரான்ஸ்பார்மர் பக்கம் ஒருத்தன் நின்றான். யாரென்று எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை, கழுத்து எலும்பு அப்படி நீட்டிக்கொண்டிருந்தது. ஒம்மவனா என்று அம்மா கேட்டாள். வெள்ளத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருக்கிறான், இப்போதைக்கு ஊசி மாத்திரை எதையும் தொடவில்லை, ஆனால் வெளியில் தலைகாட்ட மாட்டேன் என்கிறான், இன்றைக்கு மட்டும் அவனாகவே கிளம்பி வந்து அங்கேயே நின்றுகொண்டான் என்றாள். நான் கையை ஓங்கிக்கொண்டு போயிருப்பேன். அம்மா என்னைத் தாண்டிப் போய்விட்டாள். தெருவில் எல்லாரும் பார்க்க அவனுக்கு முன்னால் போய் நின்று, ஏலே, போய்த் தலைக்கு ஊத்திட்டு வா, எல ஆறுது என்றாள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். இவளிடம் சண்டை போடத் தெம்பில்லை, அவன் அந்தச் சட்டையைப் போடுவதைப் பார்க்கவும் முடியாது. ரயில்வே ஸ்டேஷனில் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன், செங்கோட்டை ரயில் வந்து நின்று போனது, ஏறினவர்களையும் இறங்கினவர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பசித்தது. வெட்கம்கெட்ட வயிறு, மகன் திவசத்தன்றும் பசிக்கிறது. திரும்பி வந்து வாசலில் கால் வைத்தேன், உள்ளே முதல் இலையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், வெள்ளையில் நீலக்கோடு. தெரிந்துகொண்டுதானே வந்தேன், இருந்தாலும் ஒரு நிமிஷம் குமரா என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன். வேல்பாண்டி, அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எதையும் கொடுப்பேன், அப்படி இருந்தது. அவன் திரும்பின பிறகுதான் போயிற்று. சட்டை அவனுக்குத் தோளில் நிற்கவில்லை, கை விரல் வரைக்கும் தொங்கியது, சாப்பிட மடித்துவிட்டிருந்தான், மடித்தது அவிழ்ந்து அவிழ்ந்து சாம்பாரில் விழுந்தது. அம்மா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டே அவனைப் பார்த்து, சட்டைக்கு ஆள் போதல என்றாள். அம்புட்டுத்தான் சொன்னாள். திட்டவும் இல்லை அழவும் இல்லை. வெள்ளத்தாய்தான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கு ஒரு நாள் கூத்து, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அம்மா வெள்ளத்தாயிடம் ஒரு டிபன் கேரியரைத் தள்ளி வைத்து, அவனுக்கு என்று சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு தினமும் போகிறது. முட்டை, கருவாட்டுக் குழம்பு, எனக்குக் கொலஸ்ட்ரால் என்று போடாமல் வைக்கிறதெல்லாம் அங்கே போகிறது. என்னட்டி இது, நம்ம புள்ளைய விட்டுட்டு ஓடுனவனுக்குக் கருவாடா என்று கேட்டேன். அந்தச் சட்டை அவனுக்குச் சரியாகட்டும், பொறவு பேசுவோம் என்கிறாள். அதோடு விடவில்லை. திங்கட்கிழமை திங்கட்கிழமை அவன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும், தனியாக விட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே பழைய சேக்காளிகள் இழுத்துப் போய்விடுவார்கள், நீங்க சும்மாதான இருக்கீய கூடப் போயிட்டு வாங்க என்று என் தலையில் கட்டிவிட்டாள். ரிட்டையர் ஆன மனுஷனை இவள் ஒருநாளும் சும்மா உட்காரவிட்டது இல்லை.

போனேன். முதல் தடவை டவுன் பஸ்ஸில் நான் முன்னால் உட்கார்ந்தேன், அவன் பின்னால் உட்கார்ந்தான், தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் நாங்கள் சேர்ந்து போவதாக நினைக்கக் கூடாது என்று நான்தான் அப்படி உட்கார்ந்தேன். டிக்கெட்டும் தனித்தனி. அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கடுத்த திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, மாமா ஒண்ணுக்குப் போயிட்டு வந்துருதேன் என்று போனான், ஆளைக் காணோம். பஸ் வந்து போனது, அடுத்த பஸ்ஸும் வந்து போனது. விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். அப்போது உன் அம்மா முகம் வந்தது, அவளுக்குப் பதில் சொல்வதைவிடத் தேடுவது லேசு என்று கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றினேன், ரத வீதியில் பார்த்தேன், பால்கோவாக் கடைப் பெண்ணிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன், முட்டி கழன்றுவிடும் போல இருந்தது. கடைசியில் திருமுக்குளத்துப் படியில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தான். கை மூடியிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

கத்தியிருக்க வேண்டும், கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும், நீயாக இருந்தால் விட்டிருப்பாய். எனக்கு முடியவில்லையப்பா. நடந்து நடந்து ஓய்ந்துபோய் அவனுக்கு மேல் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏலே, எனக்கு முட்டி வலிக்கி, இதுக்கு மேல உன்னத் தேட முடியாது, போடுறதுன்னா போடு, நான் இங்கயே உக்காந்திருக்கேன், விழுந்தா தூக்க ஒரு ஆள் வேணும்ல என்று சொன்னேன். யோசித்துச் சொன்னது இல்லை, வாயில் அதுதான் வந்தது. அவன் அதைக் கேட்டதும் அழ ஆரம்பித்தான், படிக்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதான். அழுகைக்கு நடுவில்தான் அன்றைக்கு நடந்ததைச் சொன்னான். குமரன் கண் சொருகிச் சாய்ந்ததும் ஆள் கூப்பிடத்தான் ஓடினானாம், பாதித் தெருவில் போலீஸ் பயம் வந்துவிட்டதாம், காலு வீட்டுக்குப் போயிட்டு மாமா, நான் போகல, காலு போயிட்டு என்றான். வீட்டில் போய்ப் போர்வையை மூடிக்கொண்டு படுத்துவிட்டானாம். அவன் ஓடினான் என்று நீ சொன்னாயே, சரிதான், ஓடினான். அவனும் இல்லை என்று சொல்லவில்லை. நின்று ஒரு ஆளைக் கூப்பிட்டிருந்தால் குமரன் இருந்திருப்பான் என்று நீ நினைக்கிறாய், அவன் உன்னைவிட அதிகமாக நினைக்கிறான், ராத்திரி பகல் அதைத்தான் நினைக்கிறான். பிறகு கையைத் திறந்து மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தான், வியர்வையில் நனைந்திருந்தது. கோயில் குளத்தில் போட மனசில்லை, வெளியே வந்து சாக்கடையில் போட்டேன். பஸ்ஸில் அன்றைக்கு இரண்டு பேருக்கும் நான்தான் டிக்கெட் எடுத்தேன், ஒரே சீட்டில் உட்கார்ந்துதான் வந்தோம். தூங்கிவிட்டான், தலை என் தோளில் வந்து விழுந்தது, தள்ளிவிடவில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அன்றைக்கு அவன் போடவில்லை, எனக்குத் தெரிந்தது அதுதான். நாளைக்குப் போடுவானோ, அடுத்த திங்கட்கிழமை மறுபடி கூட்டத்தில் காணாமல் போவானோ, எனக்குத் தெரியாது. டாக்டரைக் கேட்டேன், அவருக்கும் தெரியாது என்றார், அவர் நேர்மையான மனுஷர். நான் அவனை மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்காதே, மன்னிக்கிற அளவுக்கு எனக்கு மனசு பெரிசில்லை. இப்போதெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நம் வீட்டுக்கே வந்துவிடுகிறான், அவன் சாப்பிடுவதைப் பார்க்கும்போது ஒரு சில நாள் இலையை இழுத்து எறியலாமா என்று வருகிறது. வேறு ஒன்றும் நான் கவனித்தேன், நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ தனுஷ்கோடி மேல் காட்டுகிற கோபத்தில் பாதி உன் தம்பிக்குச் சேர வேண்டியது. செத்தவனைத் திட்டக் கூடாது என்று நீ அடக்கி வைத்திருக்கிறாய். யார் சொன்னது கூடாது என்று. நான் தினமும் திட்டுகிறேன், பல் தேய்க்கும்போது திட்டுகிறேன், கரண்ட் போனால் திட்டுகிறேன், அவன்தானே பியூஸ் போடுவான். ஏலே பாவி, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல என்று சத்தம் போட்டே திட்டுகிறேன். நீயும் அங்கே மலையில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துத் திட்டிவிடு. உன் தம்பி, உனக்கு இல்லாத உரிமையா. சின்ன வயசில் சைக்கிளை உடைத்ததற்கு எத்தனை அடி அடித்திருக்கிறாய், அவன் எப்போதாவது கோபித்துக்கொண்டானா, செத்த நேரத்தில் அண்ணே அண்ணே என்று பின்னாலேயேதான் வருவான்.

இப்போது முக்கியமான விஷயம். தைப் பொங்கலை ஒட்டி உனக்கு லீவு இருக்கிறது என்று நீதான் முன்பு சொன்னாய். நீ வருகிற நேரத்துக்கு மட்டும் அந்தப் பயலை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நான் உன் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். அவள் பாட்டுக்கு அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு யோசித்துப் பார்த்தேன், என்னாலும் சொல்ல முடியாது. ஒரு நாள் வராதே என்று சொன்னால் அந்த ஒரு நாளில் அவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியும், திருமுக்குளத்துப் படியைப் பார்த்த பிறகு எனக்குத் தெரியும். ஆகையால் நீ வரும்போது அவன் இங்கேதான் இருப்பான். ஒரு பிள்ளை வர வேண்டும் என்று இன்னொரு பிள்ளையைச் சாகவிடு என்று என்னிடம் கேட்காதே, உன்னை வராதே என்று சொல்லவும் எங்களிடம் கேட்காதே. இரண்டுக்கும் எங்களுக்குத் தெம்பில்லை. அவனை அடிக்க வேண்டும் போல இருந்தால் வந்து அடி. நீ அடித்தால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான், நான் கேட்காமலேயே சொன்னான். அங்கே இருந்துகொண்டு போனை வைத்தால் அது அவனுக்கு வலிக்காது, உன் அம்மாவுக்குத்தான் வலிக்கிறது. அவன் அடிவாங்குகிற அளவுக்கு இப்போதுதான் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறான், பார்த்து அடி.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கம்பளிக் கையுறை இல்லாமல் வெளியே நிற்காதே. கூட இருக்கிற பையன்களுக்கு உடம்பு வலி என்றால் மாத்திரையைக் கண்டபடி போடவிடாதே, ஹவில்தார் என்ற முறையில் அதட்டிச் சொல்லு, அண்ணன் என்ற முறையிலும் சொல்லு. நம் குலசாமி உன்னைக் காத்து நிற்கட்டும், நீ காவல் நிற்கிற இடத்தில் உனக்கு ஒரு குறையும் வராமல் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதம்.

மறக்காமல் ஒன்று. வெள்ளையில் நீலக்கோடு போட்ட அந்தத் துணியை எடுக்கும்போது உன் அம்மா பழக்கதோஷத்தில் இரண்டு சட்டைக்குச் சேர்த்துக் கிழிக்கச் சொல்லிவிட்டாள். சின்ன வயசிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே துணியில்தானே எடுப்பாள், கடைக்காரர் எத்தனை சட்டைக்கு என்று கேட்டதும் வாய் ரெண்டு என்று சொல்லிவிட்டது. உனக்கு உள்ள துணி இன்னும் வெட்டாமல் சுப்புராஜ் கடையில் கிடக்கிறது. போன திங்கட்கிழமை அவர் அளவு கேட்டார். நீ பட்டாளத்துக்குப் போய் மார்பு அகன்றுவிட்டது, வீட்டில் கிடக்கிற உன் பழைய சட்டை ஒன்றும் அளவுக்கு ஆகாது. போனில் கேட்டு வாங்கிச் சொல்லிவிடலாமே என்று அம்மாவிடம் சொன்னேன். அதெல்லாம் கேக்காதீய, கேட்டா அளவ அனுப்பிட்டு அவன் அங்கயே இருந்துக்கிடுவான், வந்து நிக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா
சு. முத்துவீரன்